கிணறு நீங்கலாக

பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டில் அதை வாங்குவதே கிடையாது. இன்றைக்கு அப்படி எழுந்து போக முடியவில்லை. வேங்கிக்காலில் இருக்கிற நம் ஆபீசுக்கு மூன்று நாளாகப் பூட்டு. எங்கள் பிரிவில் ஒருவருக்குப் பன்றிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் வந்துவிட்டது. திங்கட்கிழமை திறந்தாக வேண்டும். திறப்பதற்கு முன்னால் தரை, மேசை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டோம் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். போட வேண்டியவள் நான். கண்காணிப்பாளராகி இரண்டு வருடம் ஆகிறது. சிரிக்காதே.

வாளியில் வெள்ளையாகக் கரைத்து வைத்திருந்த மருந்தின் நெடி மாடி வரைக்கும் ஏறி வந்தது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஏழுமலை வந்து அந்தப் படிவத்தை என் முன்னால் வைத்தான். உன் தம்பி ஏழுமலைதான். நீ செத்ததால் கருணை அடிப்படையில் அவனுக்குக் கிடைத்த வேலை இது. இடையில் ஒரு மாறுதல் போக, பதினைந்து வருடமாக ஏதாவது ஒரு மேசையில் என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான். நெற்றியும் புருவமும் அப்படியே நீ.

“அக்கா, இதுல ஒரு கையெழுத்து. இன்னிக்கே தபால்ல போவணுமாம்,” என்றான்.

படிவத்தில் ஐந்து வரி இருந்தது. கடைசி வரியில், ‘அனைத்து அறைகளும் மருந்திட்டுச் சுத்தம் செய்யப்பட்டன’ என்று அச்சாகியிருந்தது. அந்த ‘அனைத்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குச் சொல்லாமல் போனது கொஞ்சம், உன் அம்மாவுக்குச் சொல்லாமல் போனது நிறைய.

உன் அம்மா ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். எப்போதுமே முதலில் சொல்ல வேண்டியதை நான் கடைசியில்தான் சொல்வேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்த சமயம். ஆபீஸ்களுக்குக் கட்டடம் இல்லை, நாற்காலி இல்லை, பெயர்ப்பலகை மட்டும் எல்லாவற்றுக்கும் இருந்தது. நமக்கு வாய்த்தது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குப் பிடித்த பழைய வீடு. முன்னறையில் நம் அதிகாரி, கூடத்தில் நாம், சமையலறையில் கோப்புகள். மழை வந்தால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடுவோம், கூடத்தில் ஒழுகினால் சமையலறைக்கு ஓடுவோம். நீ தட்டச்சர். நான் இளநிலை உதவியாளர். நிர்வாகப் பிரிவு என்று பெரிய பெயர், பினாயிலும் துடைப்பமும் வாங்குகிற வேலை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். பையில் வேகவைத்த வேர்க்கடலை இருக்கும். பஸ் நிலையத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் உரித்துத் தின்றுகொண்டே நடப்போம். நான் கூச்சப்படுவேன். “ரோட்டுல துன்னா மானம் பூடுமா? மானத்துக்குப் பசிக்காதுடி, வயித்துக்குத்தான் பசிக்கும், துன்னு,” என்று கையில் திணிப்பாய்.

உன் தட்டச்சில் ஒரு பிடிவாதம் உண்டு. தாளின் இடது பக்கம் மூன்று விரல், அடியில் நான்கு விரல் இடம் விட்டுத்தான் அடிப்பாய். காகிதம் வீணாகிறது என்று அதிகாரி ஒரு முறை கடிந்துகொண்டார். நீ எழுந்து நின்று, கொஞ்சமும் சிரிக்காமல், “எப்படியும் பின்னால யாராவது எதுனா எழுத வருவாங்க சார். எழுதறதுக்கு எடம் வோணுமில்ல?” என்றாய். அதற்கப்புறம் உன் தாளில் அவர் கை வைக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்வாய். மேலதிகாரி வருகிறார் என்றால் நாம் கோப்புக்கெல்லாம் புது அட்டை போடுவோம், ஒட்டடை அப்படியே தொங்கும். நீ அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பேப்பரு சுத்தமா இருந்தா ஆபீசு சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம்டி,” என்பாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிரிக்க எதுவும் போதுமாக இருந்தது.

அந்த வைகாசியில் உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போளூர்ப் பக்கம். ஆள் எப்படி என்று கேட்டேன். “பரவால்ல. காபிய ஊதி ஊதிக் குடிக்கறான். பொறுமைசாலியா இருப்பான்,” என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. அதை நீ மறைத்துக்கொள்ளப் பார்த்தாய், எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கோடை முடிகிற நேரத்தில்தான் ஊரில் வாந்திபேதி வந்தது. காலரா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காகிதத்தில் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதினோம். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் கொண்டுவந்தது என்றார்கள், குழாய் உடைந்து சாக்கடை கலந்தது என்றார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நம் ஆபீசில் ஒரே நாளில் இரண்டு பேர் விழுந்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்த்தார், கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சாக்கடை உடைந்து கிணற்றோரம் ஊறிக்கொண்டிருந்ததை நமக்கே காட்டினார். ஆபீசை மூடச் சொன்னார். திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் ஐந்து வரியாக எழுதி என்னிடம் கொடுத்தார். “எல்லாம் முடிச்சுட்டு எழுத்துமூலமா குடுங்கம்மா. யாரு பொறுப்போ அவங்க கையெழுத்து இருக்கணும்,” என்றார். பொறுப்பு என்றால் நான்தான். துடைப்பம் வாங்குகிறவள் ஆயிற்றே.

ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. சாதிச் சான்று, வருமானச் சான்று இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். தண்டராம்பட்டிலிருந்தும் செங்கத்திலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். சான்றிதழ் வாங்காமல் ஊருக்குப் போக மனசில்லாமல் மறுநாளும் வந்தார்கள். அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. “திங்கக்கெழம தெறந்துடலாம்மா. ராகு காலம் முடிஞ்சு ஒம்பது மணிக்கு. பாவம், வெயில்ல நிக்கறாங்க. எல்லாருக்கும் நீர்மோர் குடுத்துட்டு வேலைய ஆரம்பிப்போம்,” என்றார். நல்ல மனசு இல்லாதவருக்கு அந்த நீர்மோர் யோசனையே வந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை நீயும் நானும் அலுவலக உதவியாளர் முனுசாமியும் மட்டும் வந்தோம். முனுசாமி தொட்டியில் இறங்கித் தேய்த்துக் கழுவினார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், முட்டி வலியோடு ஏணியில் ஏறி இறங்கினார். பவுடரைக் கரைத்து ஊற்றினார். சாயங்காலம் கீழே வந்து, “அம்மா, பவுடரு தொட்டிக்கே சரியா பூட்ச்சு. கெணத்துக்கு இன்னொரு பை வோணும்,” என்றார். கடை சாத்தியிருப்பார்கள், திங்கட்கிழமை காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள், வாசல் தெளிக்கத்தானே என்று ஒரு நினைப்பு.

நீ இயந்திரத்தில் தாளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மூன்றாவது வரி, ‘குடிநீர் ஆதாரங்கள் அனைத்தும் மருந்திடப்பட்டன.’ நீ விரலை நிறுத்தினாய்.

“அனைத்துமா? கெணத்துக்குப் போட்டாச்சா?”

“திங்கக்கெழம போட்டுடுவாங்க. நீ அடி.”

“அப்ப திங்கக்கெழம அடிக்கறேன்.”

“இன்னிக்கே அனுப்பணுமாம்டி. அடிச்சுடேன், பஸ்ஸுக்கு நேரமாவுதுல்ல?”

என்னை ஒரு பார்வை பார்த்தாய். உதட்டைச் சுழித்தாய். அப்புறம் அடித்தாய். “பேப்பரு சுத்தமா இருந்தா போதும்,” என்று சொல்லிக்கொண்டே அடித்தாய். நான் சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாசலில் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தோம். ஆபீசா, புதுமனை புகுவிழாவா என்று தெரியாதபடி மாவிலை கட்டியிருந்தார் முனுசாமி. ஜனங்கள் சந்து முனை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். பவுடர் வாங்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்லாமல் சொல்கிறேன். மறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஆளை அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்போது முனுசாமி அண்டாவோடு வந்து நின்றார்.

“தொட்டித் தண்ணில மோரு கலக்கினா மருந்து நாத்தம் தூக்குதும்மா. ஜனங்க தூன்னு துப்பிடுவாங்க. சாமிக்கு வேற வெக்கணும். நம்ம கெணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும். நாலு குடம் இழுத்துக்கட்டுமா?”

நான் சாமி படத்துக்குப் பூச்சரம் மாட்டிக்கொண்டிருந்தேன். “ம்,” என்றேன். ஒரு எழுத்து. அதைச் சொல்லும்போது எனக்குத் தெரியும். கிணறு தெரியும், சாக்கடை தெரியும், துண்டுத்தாள் தெரியும். ஆனால் சாமிக்குப் படைப்பதில் மருந்து வாசனை அடிக்கலாமா என்கிற கேள்வி அந்த நிமிஷத்தில் பெரிதாக இருந்தது. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றும் இருந்தது. நம் ஊரில் நல்ல காரியத்தின்போது கெட்டதைப் பேசக் கூடாது அல்லவா. நான் பேசவில்லை.

நீ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாய். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாய். நான்தான் டம்ளரில் மொண்டு உன்னிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல், “இன்னாடி, கெணத்துக்குப் போட்டாச்சா?” என்று கேட்டாய்.

“ஆச்சு. குடி.”

குடித்தாய். கொத்தமல்லி தூக்கல் என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டாய். அதையும் நான்தான் மொண்டு கொடுத்தேன். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சொன்னால் நீ அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், சத்தம் போட்டிருப்பாய். அண்டாவைக் கவிழ்த்தும் இருப்பாய், உனக்கு அந்தத் தைரியம் உண்டு. அதிகாரி என்னைப் பார்த்திருப்பார். சனிக்கிழமை போட்ட கையெழுத்து வெளியே வந்திருக்கும். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் தேவலை என்று பதினாறு வருடமாகத் தேடுகிறேன்.

சாயங்காலம் பஸ்ஸிலேயே உனக்கு வயிற்றைப் பிசைந்திருக்கிறது. மறுநாள் காலை வேனில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தகவல் வந்து நான் ஓடினேன். உன்னைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஒரே ராத்திரியில் பத்து வயது கூடியிருந்தாய். உன் கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கை மாதிரிச் சுருங்கியிருந்தது. உன் அம்மா கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நீ மெதுவாகச் சொன்னாய். “அம்மா ஊத்துன கூழு புளிச்சிருந்துச்சு போலடி.”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, தெரிந்ததைச் சொன்னாய். மோரைப் பற்றி உனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது. நான் ஆச்சு என்று சொல்லியிருந்தேனே.

உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “என் கையாலதாம்மா ஊத்துனேன். மொத நாள் கரைச்சது. மோந்து பாக்கல. பஸ்ஸு பூடும்னு அவசரத்துல ஊத்திட்டேன்,” என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் சொன்னாள். அத்தனை பேர் இருக்க என்னிடம் வந்து சொன்னாள். வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே அவளைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மத்தியானம் நீ போய்விட்டாய்.

அதே நேரத்தில் இரண்டு கட்டில் தள்ளி முனுசாமி படுத்திருந்தார். அண்டாவின் அடியில் மிஞ்சியதையெல்லாம் வீணாக்கக் கூடாது என்று அவர்தான் குடித்திருந்தார். அவர் பிழைத்தார். அவர் வீட்டில் கூழ் காய்ச்சவில்லை. அதனால் எது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. நானும்தானே குடித்தேன், எனக்கு ஆகவில்லையே என்று ரொம்ப நாள் அந்தச் சாக்கில் ஒண்டிக்கொண்டிருந்தேன். முனுசாமியை நினைத்தால் அந்தச் சாக்கும் போய்விடும். வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை கிணற்றுக்கு மருந்து போட்டோம். நானே கடைக்குப் போய்ப் பவுடர் வாங்கிவந்தேன். வாளியில் கரைத்து இறக்கிக் கலக்கி, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். அதிகாரி கோப்பைத் திறந்து நீ அடித்த தாளைக் காட்டினார். அனைத்தும் மருந்திடப்பட்டன. கீழே என் கையெழுத்து, சனிக்கிழமைத் தேதி. முனுசாமிக்குத் தொட்டி கழுவும்போது ஒட்டியிருக்கும் என்று விசாரிக்க வந்தவர் தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ஆபீஸ் தண்ணீர் சுத்தம் என்று காகிதம் சொல்லிவிட்டதால் உனக்கு வேறு இடத்தில்தான் நோய் பிடித்திருக்க வேண்டும். ‘வீட்டு உணவு’ என்று எழுதிக்கொண்டு போனார். நீ கிண்டலுக்குச் சொன்னது அப்படியே நடந்தது. என்னைத் திட்டக்கூட இல்லை. ஒழுங்காகப் படிவம் வைத்திருந்ததற்கு நல்ல வார்த்தை சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ஏழுமலை அப்போது கல்லூரியில் கடைசி வருடம். அவனுக்கு வேலை கேட்டு மனு எழுதிக்கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். இந்தச் சமயத்தில் உண்மை வெளியே வந்தால் விசாரணை என்று ஆகி வேலை கெட்டுப்போகும், உத்தரவு வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். உத்தரவு வந்தது. அவன் சின்னவன், ஒரு நிலைக்கு வரட்டும் என்று நினைத்தேன். வந்தான். கல்யாணம் ஆகட்டும் என்று நினைத்தேன். எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை, ஒன்று தீர்ந்தால் இன்னொன்று தயாராக நிற்கும்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது உன் வீட்டுக்குப் போவேன். உன் அம்மா எனக்குச் சோறு போடுவாள், வேர்க்கடலை கட்டிக்கொடுப்பாள். “எம் பொண்ணு இருந்து செய்யறத நீ செய்யறம்மா. எம் பையனுக்கு வேல வாங்கிக் குடுத்தவ நீதான்,” என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். ஆடி மாதம் தெருவே கூழ் காய்ச்சும். மாரியம்மன் கோயில் முன்னால் அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். உன் அம்மா அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிடுவாள். கேழ்வரகு மாவே அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. மருமகள் ஒரு தடவை தெரியாமல் வாங்கிவந்து, பெரிய ரகளையாகிவிட்டது என்று ஏழுமலை சொன்னான்.

போன மாதம் ஆடிக் கூழ் ஊற்றின வாரத்தில்தான் அவள் போனாள். காரியத்தன்று ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கடைசி நாலு நாளா ஒண்ணும் எறங்கல அக்கா. டாக்டரு கூழாட்டம் கரைச்சு குடுங்கன்னாரு. எதுத்த வூட்டுல வாங்கினு வந்து கிட்ட எடுத்துட்டுப் போனேன். வாசனையிலேயே கண்டுபிடிச்சு வாய இறுக்கி மூடிக்கிச்சு,” என்றான். அப்போதும் நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொரு அறையாக எழுந்து போய்ப் பார்த்தேன். நெடி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லா அறையும் துடைத்திருந்தார்கள். கீழே பதிவறை மட்டும் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. “அது சொம்மா பழைய பேப்பருங்க மேடம், யாரு போறாங்க உள்ள,” என்றார் துடைத்துக்கொண்டிருந்தவர். நான் மேலே வந்து கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் ஐந்தாவது வரியின் கீழே என் கையால் ‘பதிவறை நீங்கலாக’ என்று எழுதினேன்.

உள்ளே எடுத்துப்போனான் ஏழுமலை. இப்போதைய அதிகாரி கூப்பிட்டுக் கத்துவார், இத்தனை வருட உத்தியோகத்துக்குக் கடைசியில் ஒரு கெட்ட பெயர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கத்தவில்லை. அதிகாரி வாசித்துவிட்டு, “அப்படியா, யாருகிட்ட சாவி?” என்று கேட்டார். யாரோ போன் செய்தார்கள். சாவி ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது. திறந்து துடைத்தார்கள். நான் எழுதியதை அடித்துச் சுருக்கொப்பம் போட்டேன். மொத்தம் அரை மணி நேரம் ஆயிற்று.

அந்த அரை மணி நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவுதானா. இத்தனை சுலபமா. ஏழுமலை படிவத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். வாயிலிருந்து வந்துவிட்டது. கூழ் இல்லடா ஏழுமலை என்றேன். மோர் என்றேன். கிணறு, பவுடர் பை, நான் சொன்ன ஆச்சு, நீ கேட்ட இரண்டாவது டம்ளர், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உறையை ஒட்டாமல் கையில் பிடித்தபடி கேட்டான். நீயாக இருந்தால் அறைந்திருப்பாய். அவன் அறைய மாட்டான்.

பிறகு சொன்னான். “ஆடிக்கு முன்னால சொல்லியிருந்தா அம்மா ஒரு வாய் கூழு குடிச்சிருக்கும்.”

அக்கா என்று சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் அவன் என்னிடம் அந்தச் சொல் இல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை. உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு கீழே போனான். திரும்பி வந்து தன் மேசையைப் பூட்டினான். என் பக்கம் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை வருவான். வேறு எங்கே போவான்? ஓய்வுபெறும்வரை அவன் எதிரில் நான், என் எதிரில் அவன். நீ மன்னித்தாயா என்று கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ கிண்டல் செய்வாய், அல்லது சும்மா இருப்பாய். இரண்டையும் இனி நான் கேட்க முடியாது.

வேங்கிக்காலுக்கு மாறி வந்தபோது பழைய கோப்புகளை அழிக்கச் சொன்னார்கள். நீ அடித்த அந்தத் தாளின் கார்பன் நகலை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் பீரோவில், என் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி கொஞ்சம் மங்கியிருக்கிறது. என் கையெழுத்து மங்கவில்லை. கிணறு நீங்கலாக என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். அதற்கு நீ இடம் விட்டுத்தான் அடித்திருக்கிறாய். அடியில் நான்கு விரல் அகலம், அப்படியே காலியாக இருக்கிறது.